மத்தியானப் பாடு

ஐயய்யோ, கைய உள்ள வுடாதீங்க சார்! எடுங்க... எடுங்கன்றேன்! உள்ள நண்டு போயிருக்குது. ஆமா, உங்க பைக்குள்ளதான். பின்ன என் பைக்குள்ளயா? என்கிட்ட ஏது பை, இந்தக் கூடை ஒன்னுதான். அதுவும் இப்பப் பாத்து சாஞ்சி தொலைச்சிடுச்சி. நீங்க பஸ்ஸ வுட்டு எறங்குனீங்க, பைய கீழ வச்சீங்க, ஷூ கயிறு கட்டக் குனிஞ்சீங்க. பை வாயத் தொறந்துக்கினு இருந்திச்சி. இந்தப் பக்கம் என் கூடை சாஞ்சிச்சி. அவ்ளோதான், கடகடன்னு உள்ள பூந்துடுச்சிங்க. நண்டுக்கு இருட்டுன்னா உசுரு சார். பொந்துனு நெனச்சிக்கினு இருக்கும்.

எத்தினி போச்சா? அத்த எண்ணிக்கினா இருப்பாங்க? ஒரு அஞ்சாறு இருக்கும். நீங்க குந்துங்க. அந்தத் திட்டு மேல குந்துங்க, அங்க நெழலு இருக்குது. நானே ஒன்னொன்னா எடுத்துக் கட்டித் தர்றேன். என் நண்டு, நான்தான எடுக்கணும். நியாயம்னு ஒன்னு இருக்குதில்ல?

நம்பிக்கை இல்லியா? சட்டையில இருக்குதே, அந்தப் பென்சிலக் குடுங்க. இதோ பாருங்க, இவன முதுகுல அமுக்கி வெளிய எடுக்கிறேன்... வாடா வாடா... ம். இப்ப பென்சில கொடுக்கு முன்னாடி நீட்டினா... டக்! பாத்தீங்களா? ரெண்டு துண்டு. பென்சிலுக்கே இந்தக் கதின்னா வெரலு இன்னா ஆவும்? சேத்து நண்டு சார் இது. கடிச்சா வுடாது. ஒடச்சாத்தான் வுடும். அதான் காலால மிதிச்சிக்கினு, இப்பிடி கயிறச் சுத்தி... ரெண்டு சுத்து... ஒரு முடிச்சி. ஆச்சி. ஒன்னு ஆச்சி. மிச்சம் உள்ள இருக்குது. பொறுமையாத்தான் எடுக்கணும்.

நீங்க அந்த பார்க்கு அளக்க வந்த சாருதான? எப்பிடித் தெரியுமா! எங்க குப்பத்துக்கு ஷூ போட்டுக்கினு வர்றவங்க ரெண்டே வகை சார். பூநாரை பாக்க வர்றவங்க, கணக்குப் பாக்க வர்றவங்க. பூநாரை பாக்குறவங்க கழுத்துல தொலைநோக்கி தொங்கும். உங்க கழுத்துல போட்டா போட்ட அட்டை தொங்குது. அதுவும் இல்லாம, அதோ அந்த மணல் திடல்ல ஆதிகேசவண்ணனும் அவரு ஆளுங்களும் காலையிலேர்ந்து காத்துக்கினு இருக்காங்க. துண்ட ஆட்டுறாரு பாருங்க. உங்களத்தான். அவருதான் இப்ப குழு. நீங்க கைய ஆட்டாதீங்க சார், ஆட்டினா நண்டு மெரளும். நான் சொல்லிக்கிறேன்... அண்ணே! வர்றாரு வர்றாரு! பையில நண்டு பூந்துடுச்சிண்ணே! எடுத்துட்டு அனுப்புறேன்!

ஆமா, ஆலோசனைக் குழு. உங்க ஆபீசுல சொல்லித்தான அனுப்பிச்சிருப்பாங்க? சொல்லலியா? சொல்ல மாட்டாங்க. சொன்னா நீங்க வருவீங்களா?

உங்களுக்கு முன்னாடி ஒரு மேடம் வந்தாங்க, நந்தினி மேடம்னு. தங்கமான மனுஷி. பாவம், எங்ககிட்ட வந்து மாட்டிக்கினாங்க. இப்ப மாத்தல் வாங்கிக்கினு மலைப் பக்கம் போயிட்டாங்களாமே? ஏரியே இல்லாத ஊரா பாத்துக் குடுங்கன்னு கேட்டு வாங்கிக்கினாங்களாம். அந்த மேடம்தான் மொத மொத வந்து, ஊரையே கூட்டி வச்சி, 'இது உங்க பார்க்கு. அதுல இன்னா வரணும்னு நீங்கதான் சொல்லணும். அதுக்கு ஒரு ஆலோசனைக் குழு போடுங்க. எல்லாருக்கும் பங்கு இருக்கணும்'னு சொல்லிட்டுப் போனாங்க.

அங்கதான் சார் தப்பு. எல்லாருக்கும்னு சொன்னாங்க பாருங்க, அந்த ஒரு வார்த்தை.

எங்க ஊருல எல்லாருக்கும் பங்கு குடுக்கத் தெரிஞ்சது ஒரே வழிதான். பாடு. கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லியா? எந்த ஊரு நீங்க? சரி வுடுங்க. ஏரி பெருசா இருக்குது, ஆனா நல்லா மீனு வுழுற எடம் கொஞ்சம்தான். படகு வச்சிருக்கிறவங்க எல்லாரும் அங்கியே போயி வலை போட்டா மண்டைதான் ஒடையும். அதனால சீட்டுக் குலுக்கிப் போட்டு மொறை வச்சிப்பாங்க. இன்னிக்கி உனக்கு, நாளைக்கி எனக்கு. உன் மொறை வந்தா அந்த எடம் உன்னுது. மத்தவன் எட்ட நின்னு பாத்துட்டுப் போயிக்கினே இருக்கணும். அதுக்குப் பேருதான் பாடு. எங்க ஊருல மாதா கோயில் மணிதான் கணக்கு. மணி அடிச்சா ஒருத்தன் பாடு முடிஞ்சி அடுத்தவன் பாடு ஆரம்பம்.

ஏரிக்கி நல்ல விஷயம்தான் சார். நான் இல்லேங்கல. ஆனா குழுவுக்கு?

ஆட்டாதீங்கன்னேன் பைய! ஒருத்தன் மேல ஏறிட்டான் பாருங்க. இருங்க, இவன உள்ளயே வச்சிக் கட்டிடறேன். வெளிய எடுத்தா துள்ளுவான். ம்... கயிறு எங்க... கண்ணுக்குத் தெரியாம கட்டுறது கஷ்டம் சார், கையி பழகணும்.

இன்னா சொல்லிக்கினு இருந்தேன்? ஆங், குழு. குழுவுக்கும் பாடு வச்சிட்டாங்க! சீட்டுப் போட்டு, இந்தத் தடவ இவங்க குழு, அடுத்த தடவ அவங்க குழு. மொதப் பாட்டுல உக்காந்தவங்க 'ஊஞ்சல் வேணும்'னாங்க. மேடம் சந்தோஷமா எழுதிக்கினு போனாங்க. அடுத்த தடவ வந்தா பால்ராஜ் பாடு. படகும் வச்சிருக்காரு, வலையும் சீரமைப்பாரு. 'ஊஞ்சல் இன்னாத்துக்கு மேடம், அதுல வலை காயப் போட முடியாது, ஆடிக்கினே இருக்கும். சறுக்கு மரம் போடுங்க, அதுல விரிச்சா தண்ணி தானா வடிஞ்சிடும்'னாரு. சறுக்கு மரம் சார்! புள்ளைங்க சறுக்குறதுக்கு! மேடம் ஊஞ்சல அடிச்சிட்டு சறுக்கு மரம் எழுதினாங்க. அதுக்கு அடுத்த தடவ சடையன் மாமா பாடு. அவரு சறுக்கு மரத்த அடிச்சிட்டு, ஏரியப் பாத்த மாதிரி கல்லு பெஞ்சி போடச் சொன்னாரு. அதுக்கு அடுத்தாப்புல வந்தவங்க, 'பொறந்ததுலேர்ந்து ஏரியத்தான பாக்கறோம், ரோட்டப் பாத்து போடுங்க, பொன்னேரி பஸ்ஸு போறதயாவது பாத்துக்கினு இருக்கலாம்'னாங்க.

மேடம் பொறுத்துப் பொறுத்துப் பாத்தாங்க. கடைசில ஒருநாள், 'ஏங்க, ஒவ்வொரு தடவயும் புது மொகமா இருக்குதே, போன தடவ பேசினவங்க எல்லாம் எங்க?'ன்னு கேட்டாங்க. பக்கத்துல நின்ன நம்ம கிறிஸ்டினா வெகுளி. அவ இன்னா சொன்னா? 'அவங்க பாடு முடிஞ்சிடுச்சி மேடம்'னா.

சிரிக்காதீங்க. மேடத்துக்கு கண்ணு கலங்கிடுச்சி சார்! 'எல்லாருமா? எப்போ? படகு கவுந்துடுச்சா?'ன்னு நெஞ்சுல கைய வச்சிக்கினாங்க. இவ உடனே, 'இல்ல மேடம், சீட்டுல வந்திச்சி, முடிஞ்சிது. இதோ டீ குடிக்கிறாரே சடையன் மாமா, இவரு பாடும் முடிஞ்சிதுதான்'னு கைய நீட்டிக் காட்டுறா. மேடம் சடையன் மாமாவப் பாத்த பார்வ இருக்குதே... அந்த மனுஷன் டீயக் கீழ வச்சிட்டு எழுந்து வூட்டுக்குப் போயிட்டாரு. ரெண்டு நாளு படகுலயே ஏறல.

மணி அடிச்சிச்சா இப்ப? இல்லியா... ஒன்னுமில்ல, சும்மாதான் கேட்டேன். காத்து இந்தப் பக்கம் அடிச்சா சில நேரம் கேக்காது.

போனு அடிக்குதா? யாரு போனு? உங்குளுதா! பைக்குள்ளயா வச்சீங்க? ஐயோ, நண்டு பக்கத்துலயா! கைய எடுங்க, கைய எடுங்க. நான் பாக்குறேன். ஆங், தெரியுது... பெரியவன் கட்டிப் புடிச்சிக்கினு இருக்கான் சார் உங்க போன. வெளிச்சம் விட்டு விட்டு எரியுதில்ல, அதான் அவனுக்கு மஜாவா இருக்குது போல. இப்பப் புடுங்கினா கண்ணாடி போயிடும். அடிச்சி ஓயட்டும். யாரா இருக்கும், ஆதிகேசவண்ணன்தான். அதோ காதுல வச்சிக்கினு இந்தப் பக்கமே பாக்குறாரு. அண்ணே! போன நண்டு புடிச்சிக்கிச்சிண்ணே! இல்ல, போன! நண்டு! ...கேக்கல அவருக்கு.

நல்ல மனுஷன்தான் சார் ஆதிகேசவண்ணன். கெட்டவருன்னு நான் சொல்ல மாட்டேன். புயல் வந்தப்ப எங்க வூட்டுக் கூரையப் புடிச்சிக்கினு நின்னவரு. ஆனா இந்த பவுண்டன் விஷயத்துல மட்டும் அவருக்கு பேய் புடிச்சிக்கிச்சி.

தெரியாதா? உங்க வரைபடத்துல அந்த மூலை காலியா வுட்டிருக்குமே? குழுவக் கேட்டுட்டுப் போடணும்னு? அங்கதான். பொன்னேரில ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போயிருக்காரு. வாசல்ல ஒரு டால்பின் சிலை, வாயிலேர்ந்து தண்ணிய சர்ருனு மேல பீச்சிக்கினு நிக்குதாம், அடியில கலர் லைட்டாம். சாப்பாட்டுக்குக் கூட உள்ள போவாம அங்கியே நின்னாராம். அன்னியிலேர்ந்து, 'நம்ம பார்க்குல டால்பின் பவுண்டன், பக்கத்து கோட்டைக்குப்பத்துக்காரன் வந்து பாத்துட்டு வயிறு எரியணும்'னு அதே பேச்சு. ஏன் சார், டால்பின் கடல்ல எங்கயாச்சும் குந்திக்கினு தண்ணி துப்பிக்கினு இருக்குதா? அதுக்கு வேற வேலை இல்ல? சுத்தி ஏரி. அந்தாண்ட சமுத்திரம். கண்ணுக்கெட்டின வரைக்கும் தண்ணி. நடுவுல இவரு தண்ணிய தூக்கிக் காட்டணுமாம்!

அதுவும் சும்மா தண்ணி இல்ல சார். நல்ல தண்ணி. இந்த ஊருல எங்க தோண்டினாலும் உப்புதான். நல்ல தண்ணி கொழா ஒன்னே ஒன்னுதான் பார்க்குக்கு வருது, அதுவும் அந்த மூலை வரைக்கும்தான். அத்தக் கொண்டு போயி டால்பின் வாயில வுடணும்ன்றாரு. 'அண்ணே, ஏரித் தண்ணிய வுட்டா ஆவாதா'ன்னு கேட்டேன். 'உப்புத் தண்ணி வுட்டா மோட்டாரு துரு புடிச்சிடும் ஜமுனா'ன்றாரு.

டால்பினு துரு புடிக்கக் கூடாதாம். நாங்க புடிக்கலாமாம்.

ஏன் பாக்குறீங்க? இதோ, என் கையப் பாருங்க. வெரலு இடுக்குல பாருங்க, வெள்ளையா வெடிச்சிருக்குதா? உப்பு. நாங்க படகு, வலை ஒன்னும் இல்லாதவங்க சார். ஏரில எறங்கி, கையால சேத்தத் தடவி எறாலு புடிக்கிறவங்க. முட்டி ஆழத்துலேர்ந்து மாரு ஆழம் வரைக்கும், தவழ்ந்துக்கினே போவோம். ரெண்டு கையும் சேத்துல இருக்கும். புடிச்சத எங்க போடுறது? ஓலையில முடைஞ்ச பறி ஒன்னு இருக்கும், அத்தப் பல்லால கடிச்சிக்கினு இருப்போம். அதான் இப்பிடிப் பேசுறேன். விடியறதுலேர்ந்து வாயில பறிய வச்சிக்கினு இருந்துட்டு, கரையேறினா வாயி சும்மா இருக்குமா, நீங்களே சொல்லுங்க?

இன்னிக்கி நான் எறங்கல. நண்டு விக்க வந்தேன். ஆமா சார், நண்டு விக்கத்தான். வேற எதுக்கு இங்க குந்தப் போறேன்?

ஏரில எங்களுக்கு பாடு கெடையாது. படகு இருக்கிறவனுக்குத்தான் பாடு. நாங்க படுற பாட்டுக்கு மட்டும் சீட்டு வேணாம், மணி வேணாம், எந்நேரமும் எங்களுதுதான். மேல ஏறினதும் வெயிலு புடிச்சி, சேலை ஒடம்புலயே காஞ்சி, உப்பு பூத்துக்கும். எங்க வூடுங்க ரோட்டோரமா ரொம்ப தூரம் தள்ளி இருக்குது. பஸ்ஸுல ஏறினா கண்டக்டரு, 'ஓரமா நில்லும்மா, சீட்டு நனையுது'ன்றான். பின்னாடி நிக்கிறவங்க மூக்கப் பொத்திக்கிறாங்க. அவங்களச் சொல்லிக் குத்தம் இல்ல. நல்ல தண்ணில ஒரு சொம்பு ஊத்திக்கினு, காஞ்ச துணி மாத்திக்கினு ஏறினா நாங்களும் மனுஷங்க மாதிரிதான் இருப்போம்.

துணி எங்க மாத்துறோம் தெரியுமா? கரையில கவுத்துப் போட்ட படகு மறைவுல. ரெண்டு பேரு சேலையத் தடுப்பா புடிச்சிக்குவாங்க, ஒருத்தி மாத்துவா. காத்து அடிச்சா சேலை பறக்கும். போன வருஷம் பூநாரை பாக்க வந்தவன் ஒருத்தன், இவ்ளோ நீளக் கேமரா, அத்த மெதுவா எங்க பக்கம் திருப்பினான். ரோஸ்மேரி பாத்துட்டா. சேத்தோட ஓடிப் போயி, 'பறவை அந்தாண்ட இருக்குதுடா கஸ்மாலம்'னு கேமரா மூஞ்சி மேலயே ஒரு கை சேறு. அவன் ஓடினான். ஆனா அன்னியிலேர்ந்து ரோஸ்மேரி பொண்ணு திவ்யா ஏரிக்கி வர்றதில்ல சார். எங்கள வுட நல்லா புடிக்கிற கையி அது. ஈரத்தோடவே வூட்டுக்குப் போவேன்னா, இல்ல வரவே மாட்டேன்னா. வரல.

ஒரு ரூமு. நாலு சுவரு, ஒரு கதவு, உள்ள தாப்பா. ஒரு கொழா. அவ்ளோதான் சார் நாங்க கேக்கறது.

...ம். இதோ எடுத்துக்கினேதான் இருக்கேன். பேசிக்கினே எடுத்தாத்தான் நண்டு அசையாம இருக்கும். இவனையும் உள்ளயே கட்டிட்டேன். இன்னும் மூணு பேரு இருக்கானுங்க. நடந்தே போறேன்றீங்களா? பை இல்லாம போயி இன்னா செய்வீங்க? அளக்குற டேப்பு உள்ள இருக்குது. வரைபடம் உள்ள இருக்குது. பென்சிலு ஒன்னு வெளிய இருந்திச்சி, அதுவும் போச்சி. குந்துங்க நைனா. சர்பத்து சொல்லவா? வேணாமா? நல்லா இருக்கும், ஐஸு போட்டு. சரி, வேணாம்னா வேணாம்.

அப்ப எங்களக் குழுவுல எப்பிடி சேத்தாங்கன்னு கேக்க மாட்டீங்களா? கேக்கல, நானே சொல்றேன். சேக்கவே இல்ல! சீட்டுல எங்க பேரு எதுவும் கெடையாது. 'பாடு படகுக்காரனுக்குத்தான், அதான் வழக்கம்'னு சொல்லிட்டாங்க. நானும் ரோஸ்மேரியும் கூட்டத்துக்கு நடுவுல போயி நின்னோம். ஈரத்தோடயே. நான் கேட்டேன், 'அண்ணே, பார்க்கு தண்ணில வருதா, தரையில வருதா?' 'தரையிலதான்'னாங்க. 'பாடு தண்ணிக்கா, தரைக்கா?' 'தண்ணிக்குத்தான்'னாங்க. 'தண்ணில எங்களுக்குப் பங்கு இல்ல, சரி. தரையிலயும் இல்லேன்னா நாங்க எங்க போயி நிக்கிறது, அந்தரத்துலயா?'ன்னேன். சடையன் மாமா சிரிச்சிட்டாரு. ஒருத்தரு சிரிச்சா போதும் சார், கூட்டம் எளகிடும். ஆதிகேசவண்ணன் தாடியச் சொறிஞ்சிக்கினு யோசிச்சாரு. 'சரி, உங்களுக்கும் ஒரு பாடு. மத்தியானப் பாடு. மணி அடிச்சதுலேர்ந்து பொழுது சாயிற வரைக்கும்'னாரு.

ஏன் மத்தியானம்? இந்த வெயில்ல எந்த ஆபீசருங்க வருவாங்கன்னுதான்! அவரு உஷாரு. மேடம் எப்பவும் காலையில வந்து காலையிலயே போயிடுவாங்க. மத்தியானம் நாங்க குழுவா உக்காந்துக்கினு மணலப் பாத்து ஆலோசனை சொல்லிக்கினு இருந்தோம்.

அதுவரைக்கும் வெறும் பேச்சுதான் சார். பேச்ச யாரு வேணா மாத்திக்கலாம், மாத்தினாங்க. ஆனா இன்னிக்கி நீங்க வந்தது பேச இல்லியே. கழி ஊன்னி எடம் குறிக்க வந்திருக்கீங்க. அது வேற. ஏரில ஒருத்தன் தன் பாட்டுல கழி ஊன்னிட்டான்னா, அப்புறம் எவனும் அத்தப் புடுங்கக் கூடாது. சண்டைக்காரனா இருந்தாலும் தொட மாட்டான். நீங்க இப்பப் போயி ஆதிகேசவண்ணன் சொல்ற எடத்துல கழிய அடிச்சிட்டீங்கன்னா, அங்க டால்பின்தான். நாளைக்கி நாங்க அழுதாலும் டால்பின்தான். அப்புறம் நாங்க போயி அது துப்புறதுல மொகம் கழுவிக்க வேண்டியதுதான்.

ஆமா, உங்களுக்கு இது எதுவும் தெரியாது. 'குழு சொல்ற எடத்துல அடி'ன்னு அனுப்பிச்சிட்டாங்க. எந்த நேரத்துக் குழுன்னு ஆபீசுல யாருக்குத் தெரியும்? எனக்கு இன்னா வந்திச்சி, நான் நண்டு விக்கிறவ. சும்மா பேச்சு வந்திச்சி, சொன்னேன். இன்னும் மூணு நண்டு இருக்குது உள்ள. இல்ல, ரெண்டோ. இருங்க... இவன் இன்னாடா நழுவுறான்... வர்ற வழியில திருப்பாலைவனத்துல பஸ்ஸு ரொம்ப நேரம் நின்னிச்சா சார் இன்னிக்கி? நிக்கல? இன்னிக்கின்னு பாத்து சீக்கிரம் வந்துட்டான். மத்த நாளெல்லாம் டிரைவரு அங்க எறங்கி டீ குடிச்சி, வெத்தல போட்டு, யாருக்காச்சும் துக்கம் கேட்டுட்டுத்தான் வண்டிய எடுப்பான். இன்னிக்கி அவனுக்கு எவனும் கெடைக்கல. எல்லாம் என் நேரம்.

என் நேரமா? அது... சொல்றதுதான. பேச்சுக்குச் சொல்றது.

எழுந்துட்டீங்களா? அண்ணனே வர்றாரா? எங்க... ஆமா, வர்றாரு. அண்ணே! அங்கியே நில்லுண்ணே! நண்டு ஒன்னு மணல்ல ஓடியாந்துடுச்சி, செருப்பு இல்லாம வராதே! ...நின்னுட்டாரு பாருங்க. கால தூக்கித் தூக்கிப் பாக்குறாரு. இல்ல சார், ஒன்னும் ஓடல. ஆனா இவ்ளோ நண்டு இருக்கிற எடத்துல ஒன்னு ஓடாம இருக்குமா? எச்சரிக்கைக்குச் சொன்னேன்.

குந்துங்க சார். ஒரே ஒரு நிமிஷம். நான் அவ்ளோ கேக்கறேன்ல. குந்துங்க...

ஆங்!

கேட்டிச்சா? கேட்டிச்சா சார்? இதோ, இன்னொன்னு. டங்... டங்... மணி! மாதா கோயில் மணி சார். அடிச்சிட்டாங்க. மத்தியானம் ஆயிடுச்சி.

அப்பாடா. தொண்டை வத்திப் போச்சி எனக்கு. அந்த சர்பத்து இப்ப இருந்தா நல்லா இருந்திருக்கும்.

எழுந்திரிங்க, எழுந்திரிங்க, இன்னும் இன்னாத்துக்கு குந்திக்கினு இருக்கீங்க? வேலை கெடக்குது. இந்தாங்க பை. நண்டா? தாராளமா கைய வுட்டுப் பாருங்க. வுடுங்க சார், ஒன்னும் ஆவாது. அட, சரி, நானே காட்றேன். இதோ ஒருத்தன். இதோ ஒருத்தன். இதோ உங்க போனக் கட்டிப் புடிச்சிக்கினு இருந்த பெரியவன். பாருங்க, கொடுக்குல கயிறு. எல்லாத்துக்கும் கயிறு.

எப்பக் கட்டினதா? காலையிலயே. விடியறப்போ. கட்டாத நண்ட எவளாச்சும் ஒரு மனுஷன் பையில போடுவாளா சார்? பாவம் இல்ல? மொதல்ல வெளிய எடுத்தனே ஒருத்தன், அவன் ஒருத்தன மட்டும்தான் அவுத்து வுட்டேன். உங்களுக்கு ஒரு நம்பிக்கை வரணும்ல.

கூடை தானா சாயல. நான்தான் சாச்சேன். கோவமா? கோவப்படுங்க, எனக்கு வேணும்தான். ஆனா நான் பொய்யி சொன்னது நண்டு விஷயத்துல மட்டும்தான். கொழா விஷயத்துல ஒரு வார்த்தை பொய்யி கெடையாது. வேணும்னா அவங்களயே கேளுங்க. அதோ வர்றாங்க பாருங்க கரை ஏறி. முன்னாடி பறிய வாயில வச்சிக்கினே வர்றா பாருங்க, ரோஸ்மேரி. பின்னாடி சந்தியா. கிறிஸ்டினா. அவதான் மேடத்த அழ வச்சவ. மேலெல்லாம் சேறு, சேலையிலேர்ந்து தண்ணி சொட்டுது. அதான் சார் இப்ப குழு. ஆலோசனைக் குழு. கொஞ்சம் நாத்தமடிக்கும், பொறுத்துக்குங்க. கொழா வந்துட்டா அடிக்காது.

ஆதிகேசவண்ணனா? சண்டைக்கி வர மாட்டாரு. அங்க பாருங்க. மணி கேட்டதும் துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கினாரு. கழியையும், அத்த அடிக்க வச்சிருந்த சம்மட்டியையும் ரோஸ்மேரி கையிலயே குடுக்குறாரு பாருங்க. மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினுதான் குடுக்குறாரு, ஆனா குடுக்குறாரு. பாடு மாறிடுச்சின்னா மாறிடுச்சி. அதுல மட்டும் எங்க ஊரு ஆம்பளைங்கள ஒன்னும் சொல்ல முடியாது. அண்ணே! டால்பின சுவத்துல பெயிண்ட்ல வரைஞ்சிடலாம்ணே! நிஜமாத்தான்! கொழாவுக்கு மேலயே!

...சிரிக்கிறாரா, திட்டுறாரா? தூரத்துல தெரியல.

வாங்க சார், வாங்க. டேப்போட அந்த முனைய நீங்க புடிங்க, இந்த முனை என்கிட்ட இருக்கட்டும். நண்டு உங்களுக்குத்தான். வேணாம்னு சொல்லக் கூடாது, பையில போனது போனதுதான். வூட்டுல மொளகு ஜாஸ்தியா போட்டு வறுக்கச் சொல்லுங்க. இதான் மூலை. கொழா இங்க வருது. கழிய இங்க வச்சிப் புடிங்க. ரோஸ்மேரி, சம்மட்டிய சாருகிட்ட குடு.

இன்னாடி சந்தியா? கதவு ஏரியப் பாத்து வேணாமா? ஏன் வேணாம்? ரோட்டப் பாத்தா பஸ்ஸு வர்றது தெரியுமா? ரோட்டப் பாத்தா ரோட்டுல போறவன் பாப்பான்டி! நீ இன்னா சொல்ற கிறிஸ்டினா, மேற்கால பாத்தா? மேற்கால இன்னா இருக்குது, உங்க மாமியா வூடா? எதுக்கு இன்னொரு தடவ சீட்டு...

அடிங்க சார்! நீங்க எங்களப் பாக்காதீங்க, கழியப் பாத்து அடிங்க! குழு பேச ஆரம்பிச்சிடுச்சி, சீக்கிரம் அடிங்க!